அசல் என்பது யாருடையது? – லாரி உடம்பு குறித்துச் சில குறிப்புகள்

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்ற தகுதியும் 'விஏ' எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட்டும் கிடைத்தன. நிபந்தனைகள் இரண்டு. சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றமின்றி வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். அது இருசக்கர வண்டியாகவோ பயணிகள் காராகவோ இருக்க வேண்டும். லாரிக்கு இடமில்லை. ஜமீன்தார் ஏறிய கார் சரித்திரம். மூட்டை சுமந்த லாரி காயலான் கடைச் சரக்கு. எது நினைவுகூரத் தக்கது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்கிற பழைய கேள்விதான் இங்கும் எழுகிறது.

'அசல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. லேலண்டுடன் ஒப்பந்தமான பிறகு காமெட் லாரிக்கு வந்தது. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஆனால் கம்பெனி கேட்டைத் தாண்டி வந்ததில் பெரும்பகுதி முழு லாரி அல்ல. சேஸிஸ், இன்ஜின், முன்முகமாகக் 'கௌல்' – அவ்வளவுதான். கதவும் கூரையும் இல்லாத அந்த எலும்புக்கூட்டை டிரைவர் வெயிலிலும் மழையிலும் பாடி கட்டுகிற ஊருக்கு ஓட்டிப் போனார். நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் தச்சர் மரச்சட்டம் கட்ட, டிங்கர் தகடு போர்த்த, பெயிண்டர் பூவும் பேரும் எழுத, அப்புறந்தான் அது லாரி ஆச்சு.

ஆக, காரின் அசல் கம்பெனி அச்சில் இருக்கிறது. லாரியின் அசல் பட்டறைக் கையில் இருந்தது. வரைபடம் கிடையாது. ஒரே வருஷத்து ஒரே மாடல் வண்டிகள் இரண்டிலும் ஒன்றின் கதவு மற்றதில் உக்காராது.

பழைய லாரியை மீட்டெடுக்க இறங்குகிறவர் இந்த வரலாற்றைக் கையால் படிக்க வேண்டியிருக்கிறது. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் தகட்டை அளவு பிசகாமல் வெட்டலாம், வளைக்கலாம். ஆனால் வடிவம் தகட்டில் இல்லை. அடியிலுள்ள சட்டத்தில் இருக்கிறது. அளவெடுக்காமல், கதவு வாய்க்குக் குறுக்குப் பட்டை கொடுக்காமல் உளுத்த பில்லரைப் பிடுங்கினால் அந்த வடிவம் போய்விடும். மூலப்பிரதியைக் கிழித்துவிட்டு நகலெடுக்க உட்கார்ந்த கதைதான்.

வரிசையும் முக்கியம். வண்டி சமதரையில் தன் சக்கரங்களிலேயே நிற்கணும். ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்தால் சேஸிஸ் முறுக்கும், எடுத்த அளவெல்லாம் பொய்யாகும். நைந்த கேபின் ரப்பர்களை முதலில் மாற்றணும். பிறகு கதவு. கீல் போல்ட்டை முழுசா முறுக்காமல், மேலும் கீழும் இடைவெளி ஒன்றாகும்வரை தகட்டுத் துண்டு வைத்துப் பார்க்கணும். கதவுக்குத் தக்க மட்கார்டு, மட்கார்டுக்குத் தக்க பானட். பெயிண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பது நல்லது. கதவு உக்காரலன்னா கதவை அடிக்கக் கூடாது, பில்லரைப் பாக்கணும். கோளாறு தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு. இது லாரிக்கு மட்டும் பொருந்துவதல்ல.

இங்கே ஒரு சிக்கல். இடைவெளிகளையெல்லாம் இன்றைய கார் மாதிரி நூல்பிடித்துச் சீராக்கினால் வண்டி அழகாகும். தச்சரும் டிங்கரும் அதிலிருந்து காணாமல் போவார்கள். கைவேலையைக் 'கோணல்' எனத் திருத்துகிற மீட்டெடுப்பும் ஒருவகை அழித்தெழுதுதல்தான்.

அதற்காகப் பழைய கேபினைப் புனிதமாக்க வேண்டியதில்லை. இன்ஜின் சூட்டில் டிரைவரை வேகவைத்த கூடு அது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2023இல் அறிவிக்கை வந்தது. டிரைவருக்கு அது நியாயம். அதே சமயம், கையால் கட்டிய கேபினின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

எனவே கோரிக்கை இரண்டு. விண்டேஜ் விதி லாரிக்கும் விரிய வேண்டும். 'அசல் வடிவம்' என்பதற்குள் பட்டறை கட்டிய உடம்பும் அடங்க வேண்டும். அதுவரை, பழைய தகட்டைப் பிரிப்பவர்கள் அதன் உட்பக்கத்தைப் படமெடுத்து, அளவு குறித்து, செய்தவர் பெயர் தெரிந்தால் எழுதிவைக்கட்டும். பட்டிக்கு அடியில் இருக்கும் சுத்தியல் தழும்புகளே அந்த உழைப்பாளியின் கையெழுத்து.