எந்த முடி? - சேவிங் பிரஷ்ஷின் கதை

நல்ல சேவிங் பிரஷ் ஒன்று வாங்கணும், பத்து வருஷமாவது உழைக்கணும், எதைப் பார்த்து வாங்குவது என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் அது முதல் உலகப்போர், ஆந்த்ராக்ஸ், கான்பூர் பன்றிகள், கீரிப்பிள்ளை என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால் "இது எந்த முடி?" என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் தெரியாமல் பிரஷ் வாங்கி உயிரை விட்டவர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? வாங்க, பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர். முகம் மழிப்பது நமக்குப் புதிதில்லை. மழித்தல் என்ற சொல் திருக்குறளிலேயே 'கூடாவொழுக்கம்' அதிகாரத்தில் இருக்கிறது (அங்கே பேச்சு போலித் துறவிகளைப் பற்றி, அது வேறு விஷயம்). ஆனால் பிரஷ் என்பது புதிது. சவரத் தொழிலாளியின் பெட்டிக்குப் பழைய தமிழில் அடைப்பம் என்று பெயர். கத்தி, கத்தரி, நகம் வெட்டும் கருவி, கத்தி தீட்ட ஒரு கல், தண்ணீருக்கு ஒரு சின்னக் கிண்ணி... இவ்வளவுதான் உள்ளே இருக்கும். கிண்ணித் தண்ணீரைத் தொட்டு விரலால் தாடையில் தேய்த்துத் தேய்த்து முடியை ஊற வைப்பார்கள். வன்னியம்பட்டி மாதிரி ஊர்களில் அவரை 'குடிமகன்' என்பார்கள், 'மருத்துவர்' என்றும் சொல்வதுண்டு. கட்டி கீறுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் அவர் வேலை, பிரசவம் பார்ப்பது அவர் வீட்டுப் பெண்கள் வேலை. கூலி அன்றன்றைக்குக் கிடையாது. அறுவடை முடிந்தபின் களத்தில் நெல்லாகவோ சோளமாகவோ அளப்பார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு சவரம் செய்யக்கூடாது என்று சவரத் தொழிலாளியையே மிரட்டி வைத்திருந்தார்கள். தென் மாவட்டங்களில் இது தாத்தா காலத்துக் கதை மட்டும் இல்லை, அண்மை வருஷங்களிலும் செய்தித்தாளில் வந்திருக்கிறது. ஆகவே ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-இல் காப்புரிமை வாங்கிய சேஃப்டி ரேசரும் அதோடு வந்த சொந்த பிரஷ்ஷும் வெறும் வசதிச் சாமான்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரிடமும் போய் நிற்காமல் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளலாம் என்பது சிலருக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

சரி, பிரஷ் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் முன்பு நாவிதர்கள் சோப்பு உருண்டையைக் கையால் கரைத்துத்தான் நுரை பூசினார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் இதற்கென்று தனி பிரஷ் பரவியது. இங்கிலாந்தின் கென்ட் என்ற பிரஷ் நிறுவனம் 1777-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்திலிருந்தே உயர்ந்த பிரஷ் என்றால் பேட்ஜர் முடி. பேட்ஜர் என்பது மண்ணில் வளை தோண்டி வாழும், கீரியைவிடப் பருத்த பிராணி. பிரெஞ்சு மொழியில் 'பிளேரோ' என்ற ஒரே சொல் அந்தப் பிராணிக்கும் சேவிங் பிரஷ்ஷுக்கும் பெயர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த முடியில் என்ன விசேஷம்? நடுவில் தடித்து நுனியில் ஊசி போல மெலிந்து போகும். நுனி மென்மையாக இருப்பதால் முகத்தில் குத்தாது. முடிக்கும் முடிக்கும் இடையில் தண்ணீர் நன்றாக நிற்கும். நிறமும் தனி. அடியில் வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை, நுனியில் மறுபடியும் வெளுப்பு. இந்த நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் இதில்தான் ஆரம்பம்.

1914-இல் போர் வந்தது. அதுவரை ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த முடியில் நிறைய ஜெர்மனி, பிரான்ஸ் வழியாகத்தான் போனது. அங்கே தரம் பிரித்துக் கிருமி நீக்கி அனுப்புவார்கள். போரில் அந்த வழி அடைபட்டது. சரக்கு ஜப்பான் வழியாகவும் வேறு வழிகளிலும் நேராக அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போக ஆரம்பித்தது. பேட்ஜர் முடி கிடைப்பது அரிதானது. அதே நேரத்தில் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு பிரஷ் தேவைப்பட்டது. 1918-இல் அமெரிக்க அரசு தன் படைக்காக ஜில்லெட்டிடம் வாங்கிய ரேசர்கள் மட்டும் 35 லட்சம். வியாபாரிகள் என்ன செய்தார்கள்? மலிவான குதிரை முடியை வெளுத்து, நடுவில் கறுப்புச் சாயம் ஏற்றி, பேட்ஜர் மாதிரியே ஆக்கினார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிருமி நீக்கும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை.

அந்தக் குதிரை முடியோடு வந்து சேர்ந்ததுதான் ஆந்த்ராக்ஸ். 2001-இல் அமெரிக்காவில் கடித உறைக்குள் பொடியாக வந்து உலகத்தையே கதிகலக்கியதே, அதே கிருமி. நம்ம ஊரில் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு இது அடைப்பான் நோய். (சவரப் பெட்டி அடைப்பம், நோய் அடைப்பான்... பெயர் எப்படிப் பொருந்தி வருகிறது பாருங்கள்!) இந்தக் கிருமி சிதல் என்ற ஒரு கெட்டி ஓட்டுக்குள் சுருண்டு பல பத்தாண்டுகள் மண்ணிலும் முடியிலும் தூங்கும். வெந்நீரில் முக்கி எடுப்பதெல்லாம் அதை ஒன்றும் செய்யாது. சவரம் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல்கள் விழுமே, அது போதும், உள்ளே போய்விடும். முதலில் கொசுக்கடி மாதிரி ஒரு பரு, பிறகு கொப்புளம், பிறகு நடுவில் கரி போலக் கறுத்த புண். ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் அர்த்தம். கழுத்தும் முகமும் வீங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் தோலில் வரும் ஆந்த்ராக்ஸிலேயே ஐந்தில் ஒருவர் வரை சாகக்கூடும். பென்சிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

1915 முதல் இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் வந்தவர்கள் எண்ணிக்கை ஏறியது. தோல் பதனிடுபவர்களுக்கும் கம்பளித் தொழிலாளர்களுக்கும் வரும் நோய் என்று பேர் வாங்கிய ஒன்று, ஆடு மாட்டைத் தொட்டே பார்க்காத சிப்பாய்களுக்கும் நகரத்து ஆட்களுக்கும் எப்படி வந்தது? டாக்டர்கள் விசாரித்துக்கொண்டே போனபோது பலரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: புதிதாக வாங்கிய மலிவு பிரஷ். நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களுக்கு வந்தது, சாதாரண மக்களும் பலர் சிக்கினார்கள். 1920-இல் பிரிட்டன் ஜப்பானிலிருந்து சேவிங் பிரஷ் இறக்குமதி செய்வதையே தடை செய்தது. அந்தக் காலத்து அமெரிக்க பிரஷ்களின் கைப்பிடியில் 'கிருமி நீக்கப்பட்டது' என்று பொறித்து விற்றார்கள். இதில் என்னைக் கடுப்பேற்றுவது என்னவென்றால், குதிரை முடி ஒன்றும் கெட்ட முடி இல்லை. சுத்தம் செய்து, குதிரை முடி என்றே சொல்லி விற்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

இது செத்துப்போன கதையும் இல்லை. பழைய கால பிரஷ்களைத் தேடி வாங்கும் மோகம் மறுபடி வந்ததால், 2017-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவ இதழ் இந்த வரலாறு முழுவதையும் தொகுத்து ஒரு கட்டுரை போட்டது. ஆகவே யாராவது 1930-க்கு முந்தைய பிரஷ் என்று பெருமையாக நீட்டினால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்தில் வைக்காதீர்கள். (நம் பக்கம் கால்நடைகளுக்குப் போடும் அடைப்பான் தடுப்பூசியை 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. இது கொசுறுத் தகவல்.)

அடுத்து பன்றி. ஏழைகளின் பேட்ஜர் என்று சொல்லலாம். இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கான்பூர் பன்றி மயிர் ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர், அந்த வியாபாரம் காட்டிக் என்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தாரின் கையில் இருந்தது. தீட்டு என்று மற்றவர்கள் ஒதுக்கிய சரக்கு கப்பலேறிப் போய் துரைமார் முகத்தைத் தடவியது. இரண்டாம் உலகப்போரில் சீனாவிலிருந்து இமயமலைக்கு மேலாக இந்தியாவுக்குத் திரும்பிய அமெரிக்க விமானங்கள் டங்ஸ்டன், தகரம் இவற்றோடு பன்றி மயிரையும் ஏற்றி வந்தன. பெயிண்ட் பிரஷ்ஷுக்கு அது இல்லாமல் முடியாது, ஆகவே அதுவும் போர்ச் சரக்கு! இன்னொரு பக்கம், 2017 பிப்ரவரியில் மலேசியாவில் பன்றி மயிர் என்று குறிப்பிடாமல் விற்ற 2,000-க்கும் மேற்பட்ட பெயிண்ட் பிரஷ்களை அரசு பறிமுதல் செய்தது. முஸ்லிம்களுக்கு அது மார்க்கப் பிரச்சினை. இங்கேயும் அதே கேள்விதான்: எந்த முடி?

கீரி விஷயமும் கேளுங்கள். ஓவியர்கள் விரும்பும் தூரிகைக்காக நம் நாட்டில் கீரிகளைக் கொன்று குவித்தார்கள். 2002-இல் வன உயிரினச் சட்டத்தில் கீரிக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்தது. அப்படியும் 2019-இல் பல மாநிலங்களில் சோதனை போட்டுக் கீரி முடித் தூரிகைகளைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேட்ஜரும் தப்பவில்லை. 2018-இல் சீனாவில் பேட்ஜர்களைக் கூண்டில் அடைத்து வதைக்கும் படங்கள் வெளியானபின் பல நிறுவனங்கள் அந்த முடியையே விட்டுவிட்டன. (ராஜபாளையம் நாய் முடியில் செய்யலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கு: அது குட்டை முடி, பல் துலக்கக்கூட ஆகாது :) )

செயற்கை இழையின் கதை 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷில் நைலான் வந்ததிலிருந்து தொடங்குகிறது. ஆரம்பத்து நைலான் சேவிங் பிரஷ் முகத்தில் துடைப்பம் போட்ட மாதிரி இருக்கும், தண்ணீரும் நிற்காது. இப்போது நுனியை மெலிய வைத்துச் செய்கிறார்கள், அது வேறு ஜாதி. என்னைக் கேட்டால் இன்றைக்கு முதல் பிரஷ் வாங்குபவருக்கு இதுதான் சரி. கிருமி பயம் இல்லை, மதச் சிக்கல் இல்லை, எந்தப் பிராணியும் சாக வேண்டாம், சீக்கிரம் காயும்.

சலூன் பற்றி ஒரு வார்த்தை. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபின், தமிழ்நாட்டு சலூன்களில் தீட்டித் தீட்டிப் போடும் கத்தி போய், ஆளுக்கொரு பாதி பிளேடு வந்தது. பிளேடு மாற்றினாரா என்று எல்லோரும் உற்றுப் பார்ப்போம். ஆனால் பிரஷ் பல கடைகளில் அதே பொது பிரஷ்தான். அதை யாரும் கேட்பதில்லை.

இப்போது தோழனின் கேள்வி. கடையில் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் நுனியைப் பாருங்கள். நல்ல பிரஷ் செய்பவர்கள் முடியின் நுனி கீழே வரும்படி ஒரு குழி அச்சில் போட்டு வடிவம் கொண்டு வருவார்கள், நுனியை வெட்டமாட்டார்கள். கத்தரியால் வெட்டி உருட்டிய நுனி மொட்டையாக இருக்கும், முகத்தில் குத்தும். கறுப்புப் பட்டை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே சீராக இருந்தால் சாயம் என்று சந்தேகப்படுங்கள். அடுத்து கட்டு, அதாவது முடிக்கொத்தின் அடிப்பகுதி. பிரஷ்ஷின் ஆயுள் அங்கேதான். முன்பு பிசின், கீல் வைத்து ஒட்டினார்கள், வெந்நீரில் இளகி முடி கொட்டும். அதனால்தான் முடியைக் கெட்டி ரப்பரில் பதித்து அமெரிக்காவின் நூவர்க் நகரில் 'ரப்பர்செட்' என்ற பெயரிலேயே பிரஷ் வந்தது. இப்போது எபாக்சி பசை. கொத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். புது பிரஷ்ஷில் முதல் சில நாள் நாலைந்து முடி உதிர்வது சகஜம், மாதக் கணக்கில் உதிர்ந்தால் கட்டு சரியில்லை. கொத்தின் குறுக்களவு 22 முதல் 24 மி.மீ. இருந்தால் நம் முகத்துக்குப் போதும்.

பன்றி முடி வாங்கினால் ஒவ்வொரு முறையும் சில நிமிஷம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். சில வாரத்தில் நுனி பிளந்து பிளந்து மென்மையாகிவிடும், அதுவரை பொறுமை தேவை. கொதிக்கும் நீர் எந்த பிரஷ்ஷுக்கும் ஆகாது. நம்ம பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு எதிரி உண்டு. அந்தத் தண்ணீரில் சோப்பு வெள்ளைக் கசடாகப் படிந்து முடியின் அடியில் கட்டியாகும், முடி அங்கேயே ஒடியும். மாதம் ஒரு தடவை வினிகர் கொஞ்சம் கலந்த தண்ணீரில் சில நிமிஷம் வைத்து அலசினால் கசடு கரைந்துவிடும். பிறகு நன்றாக உதறிவிட்டு, குளியலறைக்கு வெளியே காற்றாட வைத்தால் போதும்.