தரை மேல் போட்ட பழி

வளைகோல் பந்தாட்டம் என்று நம் பாடநூல்கள் தமிழ்ப்படுத்தியும், வழக்கில் ஹாக்கியாகவே நின்றுவிட்ட ஆட்டம் அது. அதில் இந்திய அணியின் தோல்விகளைவிட என்னை அதிகம் வருத்தியது அதன் சோர்ந்த ஆட்டமே. தோற்றவர்மேல் இரக்கம் பிறக்கும். பந்தைத் தம் பின்களத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்பிப் பொழுதைக் கடத்துபவர்மேல் எரிச்சல்தான் மூளும்.

இச்சோர்வுக்கு நம்மவர் வழக்கமாகச் சொல்லும் காரணம் செயற்கைத் தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அது முதன்முறையாக விரிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. அத்தோடு நம் கலை முடிந்தது என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. புல்தரையின் மேடுபள்ளங்களில் துள்ளும் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து உருட்டிச் செல்லும் மணிக்கட்டு நுட்பமே நம் செல்வமாக இருந்தது. புதிய தரையிலோ பந்து வழுக்கி ஓடும். விரைந்த ஓட்டமும் நீண்ட பாஸ்களும் அங்கே எடுபடும். அத்தரை நம் சிற்றூர்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவுமில்லை.

ஆயினும் இவ்விளக்கத்தின் முன் பாகிஸ்தான் வந்து நிற்கிறது. பிரிவினைக்கு முன் ஒரே அணியில் ஆடியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அதே மணிக்கட்டு, அதே புல்தரைப் பயிற்சி. மாண்ட்ரியலிலேயே வெண்கலம் பெற்றனர். 1982 ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில், தில்லியில் நம் மக்கள் கண்ணெதிரே 7-1 என்று நம்மை வீழ்த்தினர். 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஹசன் சர்தார் போன்ற முன்கள வீரர்களை நம்பித் தாக்கி, அதே செயற்கைத் தரையில் தங்கம் வென்றனர். அதே ஒலிம்பிக்கில், அரையிறுதிக்குச் செல்ல மேற்கு ஜெர்மனியை வென்றே தீரவேண்டிய இந்தியா ஒரு கோல்கூட அடிக்காமல் 0-0 எனச் சமன் செய்து ஐந்தாம் இடத்தோடு திரும்பியது. தரை இருவருக்கும் பொதுவாகத்தானே இருந்தது?

1928 ஆம்ஸ்டர்டாம் அணியை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள், அவற்றுள் தியான்சந்த் அடித்தவை 14. வாங்கிய கோல் ஒன்றுமில்லை. அந்தச் சுழியத்தைக் காவல் காத்துப் பெற்றதாக யாரும் சொல்லார். பந்து பெரும்பாலும் எதிரணியின் வட்டத்தருகே இருந்தால் நம் கோல்காவலருக்கு வேலை ஏது?

இதற்கு நேர்மாறான காட்சி 2000 சிட்னி. போலந்தை வென்றால் அரையிறுதி. தன்ராஜ் பிள்ளை போன்ற வேகக்காரர் இருந்த அணி 1-0 என முன்னிலை பெற்று, அந்த ஒற்றைக் கோலையே பெட்டகத்துப் பொருள்போல் நம்பியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து சமன் செய்தது. நாம் தவறவிட்ட இடத்தில் நுழைந்த தென்கொரியா வெள்ளி வரை சென்றது. இரண்டாவது கோல் ஒன்று மட்டும் இருந்திருந்தால் போலந்தின் கோலை இன்று யார் நினைத்திருப்பார்! 2008-இல் தகுதியே பெறாததும், 2012 லண்டனில் எல்லா ஆட்டங்களிலும் தோற்றுக் கடைசி இடம் பெற்றதும் அதன்பின் வந்தவை.

பதக்கங்கள் இப்போது திரும்பியுள்ளன. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் வெண்கல ஆட்டத்தில், ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கிய நிலையிலும் தாக்கிக்கொண்டே இருந்து 5-4 என வென்ற அந்த அணியை நான் மனமாரப் பாராட்டுவேன். 2024 பாரிஸ் வெண்கலத்தில் அந்த நிறைவு எனக்குக் கிட்டவில்லை என்றால் நண்பர்கள் கோபிக்கிறார்கள். கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். எட்டு ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 15 கோல்கள். அவற்றுள் பத்து, தற்காப்பு வீரரான ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் அடித்தவை. அவர் திறமையில் எனக்குக் குறையில்லை. முன்களத்தில் நின்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றுதான் கேட்கிறேன். ஸ்பெயினை 2-1 என வென்ற பதக்க ஆட்டத்திலும் இரு கோல்களும் அவருடையவையே.