கத்தி வெளியே படாத வழி: புராஸ்டேட் அறுவை சிகிச்சையின் கதை

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் நிறைய பேர் ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போவார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். "சுகர் இருக்கும்", "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். பல சமயம் காரணம் புராஸ்டேட். சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி நெல்லிக்காய் அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. வயதாக ஆக அது வீங்கிக் குழாயை நெருக்கும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ஒரு நாள் முழுசாக அடைத்துக்கொண்டால் உயிர் போகிற வலி.

இன்றைக்கு இதற்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் சிகிச்சை இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தேடப்போய்க் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

19ஆம் நூற்றாண்டில் அடைப்பு வந்தால் பெரும்பாலும் வழி ஒன்றுதான்: ரப்பர் குழாயை தினமும் பல தடவை தானே உள்ளே விட்டு சிறுநீரை எடுப்பது. கிருமித் தொற்று வந்து கொஞ்ச காலத்தில் ஆள் போய்விடுவார்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள ஒருவர் வருகிறார். பீட்டர் ஃப்ரேயர், அயர்லாந்துக்காரர். இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் சேர்ந்து வட இந்தியாவில் சுமார் இருபது வருஷம் வேலை பார்த்தவர். சிறுநீர்ப்பைக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியே கருவி விட்டு நொறுக்கி எடுப்பதில் பெயர் வாங்கியவர். ஆனால் லண்டன் திரும்பி 1900இல் புராஸ்டேட்டில் கைவைத்தபோது வயிற்றைத் திறந்துதான் செய்தார். சிறுநீர்ப்பையைக் கீறி விரலை உள்ளே விட்டு, ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து பெயர்ப்பது மாதிரி வீக்கத்தைப் பெயர்த்து எடுத்தார். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் இதை முன்பே செய்திருந்ததால் 'யார் முதலில்' என்று பெரிய சண்டையே நடந்தது. ஃப்ரேயர் ஆயிரத்துக்கும் மேலானவர்களுக்குச் செய்தார். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இறந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல கணக்கு!

கல்லைக் குழாய் வழியே எடுத்தவர் புராஸ்டேட்டை ஏன் அப்படி எடுக்கவில்லை? கல்லுக்கு ரத்தம் வராது. சதையை வெட்ட வேண்டுமென்றால் உள்ளே பார்க்க வேண்டும், வெட்ட வேண்டும், ரத்தத்தை நிறுத்த வேண்டும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் நான்கு டிபெண்டென்சி. ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது.

பார்ப்பது: 1806இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் போட்ஸினி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முயன்றார். 1870களின் கடைசியில் நிட்ஸெ லென்ஸும் ஒளிரும் பிளாட்டினக் கம்பியும் வைத்த கருவியைக் கொண்டுவந்தார். கம்பி சுடும் என்பதால் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். பிறகு சின்ன பல்பு அந்த இடத்துக்கு வந்தது.

வெட்டுவது: பால்டிமோரில் ஹியூ யங் 1909 வாக்கில் குழாய்க்குள் ஒரு வெட்டுக் கருவி செய்தார். 1912இல் 'டைமண்ட் ஜிம்' பிரேடி என்ற பணக்காரர் அதனால் குணமாகி, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சிறுநீரகவியல் நிலையம் கட்டவே பணம் கொடுத்தார். ஆனால் யங் கண்ணால் பார்த்து வெட்டவில்லை, கைத்தடவலில்தான் வெட்டினார்.

நிறுத்துவது: 1926இல் ஸ்டெர்ன், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் பார்த்துக்கொண்டே சீவும் கருவியைக் கொண்டுவந்தார். வெட்டியது, ரத்தம் நிற்கவில்லை. மருத்துவம் படிக்கும் முன் எஞ்சினியராக இருந்த தியோடர் டேவிஸ்தான் வெட்ட ஒரு மின்சாரம், உறைய வைக்க இன்னொன்று என்று காலால் மிதித்து மாற்றும் ஏற்பாட்டைச் செய்தார். 1930களின் ஆரம்பத்தில் மெக்கார்த்தி நல்ல லென்ஸோடு எல்லாவற்றையும் ஒரே கருவியில் சேர்த்தார். இன்று 'டர்ப்' என்று டாக்டர்கள் சொல்வது இதன் வாரிசைத்தான்.

கழுவுவதுதான் எதிர்பாராத வில்லன். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்திவிடும் என்று வெறும் தண்ணீர் ஊற்றினார்கள். அது வெட்டுப்பட்ட நாளங்கள் வழியே ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்தது. சிலர் இறந்தார்கள். 1947இல் கிரீவி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே கிளைசின் கரைசல் வந்தது. அதுவும் அதிகம் ஏறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆள் குழம்பிவிடுவார். அதனால்தான் நேரம் பார்த்துச் சீக்கிரம் முடிப்பார்கள். முதுகில் ஊசி போட்டு ஆளை விழிப்பாக வைத்திருப்பதில் இதுவும் ஒரு லாபம்: பேச்சு குழறினால் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் ஹாரோல்ட் ஹாப்கின்ஸ். பழைய கருவியில் நீளமான காற்று இடைவெளிகளும் நடுவே சின்னச் சின்ன லென்ஸ்களும் இருந்தன. அவர் தலைகீழாக்கினார்: நீளமான கண்ணாடித் தண்டுகள், நடுவே கொஞ்சம் காற்று. படம் பல மடங்கு வெளிச்சமானது. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் 1960களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

1990களில் நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் ஹோல்மியம் லேசரால் வீக்கத்தைச் சீவாமல், உறையிலிருந்து முழுசாகப் பெயர்த்தார். பெயர்த்ததைச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அரைத்து, உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். லேசருக்கு உப்பு நீர் பிரச்சினை இல்லை, ஆகவே கிளைசின் தேவையில்லை. யோசித்துப் பார்த்தால் இது ஃப்ரேயரின் விரல் செய்த அதே வேலை. வயிற்றைத் திறக்காமல் அங்கே போய்ச் சேர கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை, பலருக்கு மாத்திரையே போதும். ஆனால் வெளியே சொன்னால்தானே டாக்டர் எது என்று முடிவு பண்ண முடியும்? நம் தாத்தாக்கள் மறைத்ததில் நியாயம் இருந்தது. சொன்னாலும் செய்ய இன்றைய அளவுக்கு வழிகள் இருக்கவில்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.