விலையுயர்ந்த 'இளமை' இரவு கிரீம்: கிடர்பூர் சந்தையில் வாங்கும் முன் அறிய வேண்டியவை

கொல்கத்தா: முதுமையைத் தள்ளிப்போடும் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் இரவு கிரீம்களின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல்லாயிரம் ரூபாய் வரை செல்கிறது. அதே பெயரும் அதே நிறப் பெட்டியும் கொண்ட குப்பி பெருநகர வணிக வளாகத்தில் ஒரு விலைக்கும், துறைமுகத்தை ஒட்டிய சந்தையில் அதைவிட மிகக் குறைந்த விலைக்கும் கிடைப்பதுண்டு. இந்த வேறுபாடு எதனால் வருகிறது, குப்பிக்குள் இருப்பது என்ன, அதை முகத்தில் பூசிப் பார்ப்பவர் எதை எதிர்பார்க்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொல்கத்தாவின் கிடர்பூர், 1892-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கப்பல்துறையை ஒட்டி வளர்ந்த பகுதியாகும். இங்குள்ள ஃபேன்சி மார்க்கெட் வெளிநாட்டு வாசனைத் திரவியங்களுக்கும் அழகுசாதனப் பொருள்களுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் பல தலைமுறைகளாகப் பெயர் பெற்றது. சென்னைவாசிகளுக்குப் பர்மா பஜார் எப்படியோ, கொல்கத்தாவாசிகளுக்கு இச்சந்தை அப்படி. 1991-ஆம் ஆண்டு பொருளாதாரத் தாராளமயத்துக்கு முன், நுகர்பொருள் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலத்தில், 'ஃபாரின் சாமான்' தேடிய நடுத்தர வர்க்கத்தினர் நாடிய இடம் இதுவே. இன்று அப்பொருள்கள் எல்லாக் கடைகளிலும் இணையத்திலும் கிடைத்தாலும், துறைமுகத்துச் சரக்கு அசலானது, விலையும் குறைவு என்ற நம்பிக்கை பலரிடம் இன்னும் நீடிக்கிறது. செல்பேசி உறைக்கு அந்த நம்பிக்கை போதும். மாதக்கணக்கில் தோலில் ஊறப்போகும் பொருளுக்கு அது போதாது.

'குறைந்த தோற்றம்' என்னும் சொல் நுட்பம்

விலையுயர்ந்த இரவு கிரீம்களின் ஆங்கில அட்டையைக் கூர்ந்து வாசித்தால், அது சுருக்கங்களைக் குறைக்கும் என்று பெரும்பாலும் எழுதப்பட்டிராது. சுருக்கங்களின் 'தோற்றத்தை'க் குறைக்கும் என்றே எழுதப்பட்டிருக்கும். தமிழ் விளம்பரங்களில் இடம் கருதி முதலில் உதிர்ந்துபோவது அந்தத் 'தோற்றம்' என்ற சொல்தான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு அது சிறிய சொல். சட்டத்தின் கண்ணில் அதுவே எல்லைக்கோடு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி, தூய்மைப்படுத்தவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் பூசப்படுவது அழகுசாதனப் பொருள். உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றுவதாக உரிமை கொண்டாடினால் அது மருந்தாகிவிடும். மருந்துக்குரிய சான்றுகளையும் காட்ட வேண்டியிருக்கும்.

இந்த எல்லையைத் தாண்டிய விளம்பரங்கள் வெளிநாடுகளில் நடவடிக்கைக்கு உள்ளாகியுள்ளன. மரபணுக்களின் செயல்பாட்டைத் தூண்டுவதாக விளம்பரம் செய்ததற்காக, லான்கோம் நிறுவனத்துக்கு 2012-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2014-இல் அதன் தாய் நிறுவனமான லோரியால், அந்நாட்டு வர்த்தக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில், அறிவியல் சான்றின்றி அத்தகைய உரிமைகோரல்களைச் செய்வதில்லை என ஒப்புக்கொண்டது. பிரிட்டனில், முன்னாள் மாடல் அழகி ட்விக்கி தோன்றிய ஓலே கண் கிரீம் விளம்பரம், படம் கணினியில் திருத்தப்பட்டிருந்ததால் 2009-இல் தடை செய்யப்பட்டது.

எது வேலை செய்கிறது?

இரவு கிரீம் பூசிய மறுநாள் காலையே முகம் மெருகேறித் தெரிவது கற்பனையன்று. கிளிசரின், பெட்ரோலேட்டம், டைமெத்திகோன் போன்றவை தோலின் மேலடுக்கில் நீரைத் தேக்கி வைக்கின்றன. ஈரம் ஏறிய தோல் சற்றே உப்பி, மெல்லிய கோடுகள் மங்குகின்றன. இதே வேலையை விலை குறைந்த சாதாரண மாய்ஸ்சரைசரும் செய்யும். பூசுவதை நிறுத்தினால் சில நாள்களில் பழைய நிலை திரும்பும்.

சுருக்கத்தின் மீது உண்மையான மாற்றம் காட்டிய பொருள்களில் நெடுங்காலம் ஆராயப்பட்டது டிரெட்டினாயின் என்ற வைட்டமின்-ஏ வகை மருந்தாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1986-இல் இதன் பயனை வெளியிட்டார். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பேரிடம் 16 வாரங்கள் நடத்திய சோதனையில் வெயிலால் முதிர்ந்த தோல் மேம்பட்டது. கூடவே பெரும்பாலானோருக்குத் தோல் சிவந்து எரிச்சலும் கண்டது. மெல்லிய சுருக்கங்களுக்கான மருந்தாக அமெரிக்கா இதனை 1995-இல் ஏற்றது. இந்தியாவிலும் இது மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டிய மருந்தாகும்.

கடைகளில் கிடைக்கும் இரவு கிரீம்களில் இருப்பது இதன் தணிந்த உறவான ரெட்டினால். தோலுக்குள் சென்றபின் இரு படிகளில் மாறியே அது செயல்படுவதால் வீரியம் பன்மடங்கு குறைவு. வெளிச்சத்திலும் காற்றிலும் எளிதில் சிதையும் என்பதாலேயே இரவில் பூசச் சொல்கிறார்கள். அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குப்பி பார்க்க அழகாயிருந்தாலும், திறக்குந்தோறும் காற்றுப் படும் அந்த வடிவம் ரெட்டினாலுக்கு உகந்ததன்று. ஒளிபுகாத குழாய் மேலானது. முகப்பூச்சுகளில் ரெட்டினால் அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டு விதிமுறையில் 0.3 சதவீதத்துக்குள் வரையறுத்துள்ளது. கருவுற்றோரும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இவ்வகைப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

கொலாஜன் கலந்த கிரீம் என்ற விளம்பரத்துக்கு ஒரு சொல் போதும். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நலமான தோலைக் கடந்து உட்செல்வது அரிது. கொலாஜன் மூலக்கூறின் எடையோ மூன்று லட்சம் டால்டன் அளவிலானது. அது தோலின் மீது படர்ந்து ஈரம் காக்கும், அவ்வளவே.

விலைக்கும் பலனுக்கும் உறவு உண்டா?

அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியிட்ட சோதனையில், சிறப்பாகச் செயல்பட்ட சுருக்க எதிர்ப்பு கிரீம்கூடச் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைத்தது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படுவது கடினம். விலைக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பதையும் அச்சோதனை காட்டியது: 57 டாலர் விலையுள்ள தொகுப்பு, 335 டாலர் தொகுப்பைவிடச் சற்றே மேம்பட்டிருந்தது.

இதற்குச் சில மாதங்களில், பிரிட்டனின் பூட்ஸ் நிறுவனத்தின் 'நம்பர் 7' சீரம் பரபரப்பாயிற்று. 2007-இல் பிபிசி நிகழ்ச்சியொன்றில் பாராட்டப்பட்டதும் அது கடைகளில் விற்றுத் தீர்ந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 60 பேரிடம் அதனைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதங்களின் முடிவில் சீரம் பூசியோரில் 43 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. செயல்படு பொருள் இல்லாத அடிப்படைப் பூச்சைப் பூசியோரிலும் 22 சதவீதத்தினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது உற்பத்தியாளரே என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 'எனக்குப் பலன் தந்தது' என்று தோழி ஒருவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அந்த 22 சதவீதம் ஓர் அளவுகோல்.

பகலில் பூசுவதற்கு இதைவிட வலுவான சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் நகரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சன்ஸ்கிரீனை நாள்தோறும் பூசியோருக்குத் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த முடிவு 2013-இல் வெளியானது. இரவு கிரீமுக்குப் பல்லாயிரம் செலவிட்டுவிட்டு, பகலில் வெறும் முகத்துடன் வெயிலில் நடப்பது கணக்குக்கு ஒத்துவராது.

பாதரசம்: உண்மையான ஆபத்து

பலன் இல்லாத கிரீமால் இழப்பது பணம் மட்டுமே. பாதரசம் கலந்த கிரீமால் சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுப்பதால், சில வாரங்களிலேயே முகம் வெளுத்து, வயதுப் புள்ளிகள் மறைகின்றன. வாங்கியவர் மகிழ்ந்து மீண்டும் வாங்குகிறார். வெளுப்பூட்டும் கிரீம்களோடு, வயதுப் புள்ளிகளையும் சுருக்கங்களையும் போக்குவதாக விற்கப்படும் 'ஆன்டி ஏஜிங்' கிரீம்களிலும் பாதரசம் காணப்படுவதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்பரேனஸ் நெஃப்ரோபதி' என்ற சிறுநீரக நோயுடன் 22 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களில் 15 பேரிடம், பொதுவாக அரிதாகக் காணப்படும் 'நெல்-1' என்ற புரதத்துடன் தொடர்புடைய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுப்பூட்டும் கிரீம்களைப் பயன்படுத்தியவர்கள். மருத்துவர்களின் இந்த ஆய்வு 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளியானது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினர் என்பது ஆறுதலான செய்தி.

போலிச் சரக்கின் ஆபத்துக்குக் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் 2019-இல் நிகழ்ந்தது கொடிய சான்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் சுருக்க எதிர்ப்பு கிரீம் என்ற அட்டையுடன் மெக்சிகோவிலிருந்து வந்த குப்பியைப் பயன்படுத்திய பெண் ஒருவர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். கிரீமில் 10 லட்சத்தில் 12,000 பங்கு பாதரசம் இருந்தது. அதுவும் மூளையைத் தாக்கும் கரிமப் பாதரசம். அதைக் கலந்தது உற்பத்தியாளர் அல்லர், இடையில் கைமாற்றியவர்கள்.

இந்தியாவின் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 2020-இன்படி, கண் பகுதிக்கானவை நீங்கலாக எந்தப் பொருளிலும், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கை மிஞ்சக்கூடாது. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் சோதித்த 32 வெளுப்பூட்டும் கிரீம்களில் 14-இல் பாதரசம் தென்பட்டது. 'ஜீரோ மெர்க்குரி' கூட்டமைப்பு 2019-இல் வெளியிட்ட, 12 நாடுகளிலிருந்து திரட்டிய 158 மாதிரிகளின் சோதனையில் ஏறத்தாழ 60 சதவீதம் வரம்பை மீறியிருந்தன. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிக்க முடிவு செய்தன. எனினும் ஒரு குப்பியை முகர்ந்தோ தடவியோ பாதரசத்தைக் கண்டறிய இயலாது.

அட்டையில் எதைப் பார்ப்பது?

இறக்குமதி செய்யப்படும் அழகுசாதனப் பொருள், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் எண்ணும் சான்றிதழ் பெற்றவரின் பெயர், முகவரியும் அட்டையில் இருத்தல் வேண்டும். இறக்குமதியாளர் பெயர், ரூபாயில் அதிகபட்ச சில்லறை விலை, தொகுப்பு எண், பயன்படுத்தும் காலக்கெடு ஆகியவையும் கட்டாயம். கிடர்பூரிலோ பர்மா பஜாரிலோ இணையக் கடையிலோ, இந்த இந்திய ஒட்டுச்சீட்டு இல்லாத வெளிநாட்டுக் குப்பி எவ்வழியாக வந்தது என்பதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார். உட்பொருள் பட்டியலே இல்லாத கிரீமும், 'கலோமெல்', 'மெர்க்குரிக்', 'மெர்க்குரியோ' என்ற சொற்கள் காணப்படும் கிரீமும் வாங்கத்தக்கவை அல்ல. பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் பாதரசம் இல்லை என்றாகிவிடாது. ரசீது கேளுங்கள், தர மறுக்கும் கடையில் அசல் பொருள் கிடைக்கும் என்று நம்பக் காரணமில்லை.

பதிவு பெற்ற கிரீமைப் பயன்படுத்திப் பார்க்க விரும்புவோர், முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிச் சில நாள்கள் கவனிக்கலாம். ரெட்டினால் கலந்ததாயின் வாரம் இரண்டு இரவுகளில், பட்டாணி அளவில் தொடங்குவது நல்லது. நம்மவர் தோலில் எரிச்சல் கண்ட இடம் கறுத்துப்போவது சாதாரணம். அந்தக் கறுப்பு மறையப் பல மாதங்களாகும். மூன்று மாதங்களுக்கு முன் பலனைக் கணிக்க வேண்டாம். மாறாக, ஓரிரு வாரத்திலேயே முகம் வியக்கத்தக்க அளவில் வெளுத்தால், கிரீமில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கக்கூடும் என ஐயுற வேண்டும். ஸ்டீராய்டு பூச்சுகள் 14-ஐ மத்திய அரசு 2018-இல் மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்துள்ளது.

கைநடுக்கம், விரல்களில் மரத்துப்போதல், நினைவு மங்கல், காரணமற்ற எரிச்சல், முகமோ காலோ வீங்குதல், சிறுநீரில் நுரை ஆகியவற்றில் எதுவும் தென்பட்டால் கிரீமை உடனே நிறுத்தி மருத்துவரிடம் குப்பியுடன் செல்ல வேண்டும். பாதரசத்தின் அளவைச் சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளில் கண்டறியலாம். ஆவியாகும் பாதரசம் துண்டு, தலையணை உறை வழியாகவும் பரவும் என்பதால், கிரீமைத் தொடாத குழந்தைகளையும் அது பாதிக்கக்கூடும். வீட்டிலுள்ளோரையும் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேட்கலாம். எஞ்சிய கிரீமைக் கழுவு தொட்டியில் கொட்டாமல், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்க வேண்டும். பொய் விளம்பரம், போலிச் சரக்கு குறித்த புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.