ஒரே லாரி, ரெண்டு டிரைவர்: அமெரிக்காவில் ‘டீம் டிரைவிங்’ வருமானம் உண்மையிலேயே டபுளா? கணக்கு இதுதான்!

அமெரிக்காவில் சொந்தமாக லாரி வாங்கி, தாங்களே ஓட்டிச் சம்பாதிப்பவர்களை ‘ஓனர் ஆபரேட்டர்’ என்பார்கள். இவர்களில் சிலர் கணவன் மனைவியாகவோ, நண்பர்களாகவோ ஒரே லாரியில் ஏறி மாறி மாறி ஓட்டுகிறார்கள். இதுதான் டீம் டிரைவிங். வண்டி நிற்காமல் ஓடினால் வருமானமும் ரெண்டு மடங்கு என்பது பொதுவான நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை? பார்க்கலாம்.

எதுக்கு ரெண்டு டிரைவர்?

காரணம், அமெரிக்க சட்டம். சரக்கு லாரி டிரைவர் ஒருவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்ட முடியும். அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிக்கணும். பெரும்பாலான லாரிகளில் இதை மின்னணுக் கருவியே பதிவு செய்துவிடும். ஏமாற்றுவது கஷ்டம்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க்குக்கு சுமார் 2,800 மைல், அதாவது 4,500 கிலோமீட்டர். தனி ஆள் ஓட்டினால் ஏறக்குறைய 5 நாள் ஆகும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் வண்டிக்குள்ளேயே இருக்கும் படுக்கையில் தூங்கினால் 3 நாளில் போய்ச் சேரலாம். அவசர பார்சல், காய்கறி, பழம், விலை உயர்ந்த பொருட்களுக்கு டீம் லாரிகளைத் தேடுவது இதனால்தான்.

ஆனாலும் 24 மணி நேரமும், வாரம் முழுக்க ஓட்ட முடியாது. தினமும் வண்டியை இயக்கும் நிறுவனங்களில், ஒரு டிரைவர் 8 நாளில் 70 மணி நேரம் வேலை செய்துவிட்டால், அதன் பிறகு ஓட்டக் கூடாது. இந்த வரம்பு இருவருக்கும் தனித்தனியாக உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம்

புரிந்துகொள்ள வசதியாக ஒரு உதாரணக் கணக்கு. மைலுக்கு 2 டாலர் வாடகை. டீசல், டயர், பராமரிப்பு, சுங்கம் எல்லாம் சேர்த்து மைலுக்கு 85 சென்ட் செலவு. வண்டித் தவணை, இன்சூரன்ஸ் போன்ற நிலையான செலவு வாரம் 1,000 டாலர். ரெண்டாவது டிரைவர் வந்தால் இன்சூரன்ஸ் கூடி 1,100 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

- தனி ஆள், வாரம் 2,500 மைல்: வரவு 5,000 டாலர். செலவு போக கையில் 1,875 டாலர்.
- டீம், வாரம் 5,000 மைல்: வரவு 10,000 டாலர். செலவு போக 4,650 டாலர். ரெண்டாகப் பிரித்தால் தலைக்கு 2,325 டாலர்.

வண்டிக்கு வரும் வரவு டபுள்தான். ஆனா, ஒரு ஆளுக்குக் கூடுவது 450 டாலர், அதாவது 24 சதவீதம். தவணையும் இன்சூரன்ஸும் அதிக மைல்களில் பரவுவதால் கிடைக்கும் லாபம் இது. டீசலும் டயரும் ஓட ஓடத் தேயும் செலவு. அதில் எந்த மிச்சமும் இல்லை.

எந்த இடத்தில் நஷ்டம்?

லோடு கிடைக்காமல் டீம் லாரி அந்த வாரம் 3,500 மைல்தான் ஓடியது என்றால்? மிஞ்சுவது 2,925 டாலர். தலைக்கு 1,462 டாலர். தனியா ஓட்டியிருந்தாலே இதைவிட அதிகம் கிடைத்திருக்கும்!

இந்தக் கணக்குப்படி வாரம் சுமார் 4,200 மைலுக்குக் கீழே போனால், டீமாக ஓட்டுவதில் தலைக்குக் கிடைப்பது குறைந்துவிடும். வாடகையும் டீசல் விலையும் மாறினால் இந்த எண்ணும் மாறும். அதனால், ‘மைலுக்கு எவ்வளவு?’ என்பதோடு, ‘வாரத்துக்கு எத்தனை மைல் நிச்சயம்?’ என்பதையும் கேட்கணும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

- வண்டித் தேய்மானம்: வாரம் 5,000 மைல் என்றால் வருஷத்துக்கு சுமார் 2.5 லட்சம் மைல். தனி ஆள் நாலு வருஷத்தில் ஓட்டும் தூரத்தை டீம் ரெண்டே வருஷத்தில் ஓட்டிவிடும். மைல் கணக்கில் தரும் வாரண்டியும் சீக்கிரம் முடியும். இன்ஜின் வேலைக்கு வாராவாரம் பணம் ஒதுக்காவிட்டால் சிக்கல்தான்.
- ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால்: பாதி மைல்தான் ஓடும். தவணை பாதியாகாது. தம்பதி என்றால் வீட்டின் ரெண்டு வருமானமும் ஒரே வண்டியை நம்பி இருக்கு.
- தூக்கம்: ஓடுற வண்டியில் எல்லோருக்கும் தூக்கம் வராது. இது பணத்தை விடப் பெரிய விஷயம்.

வரி எப்படி?

இவர்கள் சுயதொழில் செய்பவர்கள். வருமான வரி போக, சமூகப் பாதுகாப்பு மற்றும் மருத்துவக் காப்பீட்டுக்காக 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. பொதுவாக மூணு மாசத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்டணும்.

சலுகையும் இருக்கு. வெளியூரில் தங்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு நாளைக்கு 80 டாலர் என்று கணக்கு வைக்கலாம். 2024 அக்டோபரில் வந்த விகிதம் இது. அதில் 80 சதவீதத்தை, அதாவது 64 டாலரை வருமானத்திலிருந்து கழிக்கலாம்.

தம்பதிகள் முக்கியமா கவனிக்க வேண்டியது: வருமானம் முழுக்க ஒருவர் பெயரில் மட்டும் போனால், இன்னொருவரின் ஓய்வூதியக் கணக்கில் அந்த உழைப்பு பதிவாகாது. இருவரும் சேர்ந்து நடத்தும் தொழில் என்று பிரித்துக் காட்ட வழி இருக்கு.

அப்போ, யாருக்கு லாபம்?

ஒரே வீட்டுப் பணமாக வருமானம் சேரும் தம்பதிக்கு, நிலையான லோடும் கைவசம் சில மாதச் செலவுக்குப் பணமும் இருந்தால், டீம் டிரைவிங் நல்ல வழி. நண்பர்கள் என்றால் பங்கு, ரிப்பேர் செலவு, பிரியும்போது வண்டி யாருக்கு என்பதை முதல் நாளே எழுதி வைப்பது நல்லது. லோடு உறுதி இல்லாமல், பெரிய தவணையை மட்டும் நம்பி இறங்கினால், ரெண்டு பேர் உழைத்து ஒரு வண்டியின் கடனை அடைப்பதாகவே முடியும்.