பால் ஷ்னைடர் (1897–1939)

ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் போதகர். ஆறு பிள்ளைகளின் தந்தை. 1926இல் மார்கரேட்டை மணந்தார். 1934 முதல் டிக்கன்ஷீட், வோம்ராத் கிராமச் சபைகளை மேய்த்தார். நாஜி ஆட்சி திருச்சபைக்குள் தலையிடுவதைப் பிரசங்க பீடத்திலிருந்தே கண்டித்ததால் பலமுறை கைதானார். அச்சபைகள் இருந்த ரைன்லாந்துப் பகுதியை விட்டு வெளியேறும்படி 1937இல் நாஜி அதிகாரிகள் உத்தரவிட்டனர். தன் மந்தையைக் கைவிட மனமின்றித் திரும்பி வந்து, மறுபடி கைதாகி, புக்கென்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே, 1938இல் ஹிட்லரின் பிறந்தநாளன்று நாஜிக் கொடிக்கு வணக்கம் செலுத்தத் தொப்பியைக் கழற்ற மறுத்தார். சவுக்கடிக்குப்பின் தனிச்சிறை. அதன் சன்னல் வழியே, அணிவகுத்து நின்ற கைதிகளுக்கு வேதவசனங்களை உரக்கக் கூறினார். ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது, அவரோ ஓயவில்லை. விடுதலைக்கு வழி இருந்தது: வெளியேற்ற உத்தரவை ஏற்றுக் கையெழுத்திட்டால் போதும். அவர் கையெழுத்திடவில்லை. அந்த உறுதியில் மார்கரேட்டும் அவரோடு நின்றார்.

1939 ஜூலை 18 அன்று நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். டிக்கன்ஷீட்டில் நடந்த அடக்க ஆராதனைக்கு, ரகசியப் போலீசின் கண்காணிப்பையும் மீறிப் போதகர்களும் மக்களும் திரளாக வந்தனர். மார்கரேட் 2002 வரை வாழ்ந்தார்.