வார்சாவில் ஒரு தாகூர் நாடகம்

1942 ஜூலை 18. போலந்தின் வார்சா நகரம்.

யூதர்களைச் சுவர் எழுப்பி நாஜிக்கள் அடைச்சு வெச்சிருந்த பகுதி. பசி, டைபஸ் காய்ச்சல், தெருவுலயே பிணங்கள்.

அங்கே ஒரு அநாதை இல்லம். நடத்தியவர் குழந்தைகள் மருத்துவர் யானுஷ் கோர்சாக். அன்னைக்கு அங்கே பிள்ளைங்க ஒரு நாடகம் போட்டாங்க.

எது தெரியுமா? நம்ம தாகூர் எழுதின 'தபால் நிலையம்'.

அமல்னு ஒரு நோயாளிச் சிறுவன். வெளியே விடாதீங்கன்னு உள்ளூர் வைத்தியர் உத்தரவு. ஜன்னல்ல உட்கார்ந்து, ராஜாவோட கடிதத்துக்குக் காத்திருக்கான். கடைசியில அரண்மனை வைத்தியர் வந்து, கதவு ஜன்னலையெல்லாம் திறக்கச் சொல்றார். அமல் நிம்மதியா தூங்கிடறான்.

அந்தத் தூக்கம் மரணம்தான். பிள்ளைங்க சாவைப் பயமில்லாம எதிர்கொள்ளணும்னுதான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன்னு கோர்சாக் சொன்னதா சொல்வாங்க.

மூணே வாரத்துக்குள்ள, சுமார் 200 குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேத்தினாங்க. தப்பிக்க வாய்ப்பிருந்தும் கோர்சாக் அவங்க கூடவே போனார்.

கதை யாரையும் காப்பாத்தலைங்க. உண்மை.

ஆனா, 'இனி செய்ய ஒண்ணுமில்ல'ன்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்த நாட்கள் எனக்கு உண்டு. மருந்து தீர்ந்த பிறகும் பக்கத்துல உட்காரலாம், ஒரு கதை சொல்லலாம்னு இவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்.

உங்க வீட்லயும் படுத்த படுக்கையா யாராவது இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு கதை சொல்லுங்க.